கோனாபட்டிலிருந்து என் குரலை மலையேற்றியவர்களுக்கு

அன்புள்ள ஆச்சிக்கும், வாத்தியார் ஐயாவுக்கும், பட்டறைத் தம்பிக்கும், இன்னும் முகம் பாராத அமெச்சூர் வானொலி (ஹாம்) நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆச்சி வீட்டு மொட்டைமாடியில் நின்று, உரிமத்தோடு எனக்குக் கிடைத்த அடையாளப் பெயரான அழைப்புக்குறியை வானொலிக் கருவியில் சொன்னேன். மேற்கே மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் என்னும் மறு-ஒலிபரப்புக் கருவி அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர், "தெளிவாகக் கேட்கிறது, பேசுங்கள்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பதில் வரும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது நான் காரைக்குடியில் இருந்தேன். அம்மா கோனாபட்டில் தனியாக இருந்தார். மின்சாரம் போயிற்று, கைப்பேசியும் அடங்கிற்று. சாய்ந்த மரங்களைத் தாண்டி ஊர் போய்ச் சேரும்வரை மூன்று நாள் அம்மாவின் குரலைக் கேட்கவில்லை. பிறகு நான் ஊரோடே வந்துவிட்டேன். ஆனாலும் அந்த மூன்று நாள் என்னைவிட்டுப் போகவில்லை.

வாத்தியார் ஐயா, கைப்பேசியில் ஒரு வாக்கிடாக்கி விளம்பரத்தைக் காட்டி, "இதை வாங்கிவிடலாமா?" என்று கேட்டுக்கொண்டு நான் வந்த நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் என்னைத் திண்ணையில் உட்கார வைத்தீர்கள். தரையில் நிற்கும் இருவர் கையிலுள்ள கருவிகள் சில கிலோமீட்டருக்கு மேல் பேசா, அந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன, பூமியின் வளைவு மறைத்துவிடும் என்று விளக்கினீர்கள். 2,000 மீட்டர் உயர மலையில் ஒரு கருவி இருந்தால் அதன் வானொலி அடிவானம் 180 கிலோமீட்டரைத் தாண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். உரிமம் இல்லாமல் அமெச்சூர் வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்பதையும் அன்றே சொன்னீர்கள். ஐந்து மாதம், ஓம் விதியிலிருந்து விதிமுறைகள் வரை சொல்லிக்கொடுத்தீர்கள். மோர்ஸ் என்னும் தந்திக் குறியீடு தேவைப்படாத 'ரெஸ்ட்ரிக்டெட்' நிலை உரிமத் தேர்வை எழுதினேன். வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வந்த அன்று என்னைவிட நீங்கள்தான் அதிகம் மகிழ்ந்தீர்கள்.

ஆனால் முதல் வாரம் முழுதும் ஏமாற்றம். எல்லோர் குரலும் எனக்குக் கேட்கிறது, என் குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை. வீட்டு வளவுக்குள் நின்று பேசியது ஒரு தவறு. நம் வீடுகளின் கனத்த சுவர் அலையை விழுங்கிவிடுகிறது. மாடிக்குப் போயும் பயனில்லை. திண்டுக்கல் நண்பரே, முன்பின் அறியாத எனக்காக இரவில் ஒரு மணி நேரம் தொலைபேசியில் இருந்து, ஒவ்வோர் அமைப்பாகச் சரிபார்க்க வைத்தீர்கள். ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் வேறோர் அலைவரிசையில் அனுப்புகிறது. நாங்கள் பேசும் இரண்டு மீட்டர் அலைப்பட்டையில் இந்த இரண்டுக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். அதை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன். பேச்சோடு சேர்ந்து போக வேண்டிய, காதுக்குப் புலப்படாத தாழ்ந்த டோன் ஒலியைத்தான் வைக்கவில்லை. அந்தச் சாவி இல்லாமல் ரிப்பீட்டர் கதவைத் திறக்காது. பொத்தானை அழுத்தியதும் பேசாமல் ஒரு நொடி பொறுக்க வேண்டும், ஒருவர் முடித்ததும் இடைவெளி விட வேண்டும், அவசரச் செய்தியோடு காத்திருப்பவர் அந்த இடைவெளியில்தான் நுழைய முடியும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

பட்டறைத் தம்பி, 49 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியில் நான்கு கம்பிகளைச் சாய்வாக இறக்கி நீ செய்துகொடுத்த ஆன்டெனாதான் இன்றும் மேலே நிற்கிறது. நான் வாங்கிவந்த மெல்லிய கேபிள் 15 மீட்டரிலேயே ஏறத்தாழப் பாதி சக்தியைத் தின்றுவிடும் என்று வாத்தியார் சொன்னதும், தடித்த கேபிளைத் தேடிக் காரைக்குடிக்கு உன் வண்டியிலேயே போய் வந்தாய். கூலி வாங்க மறுத்தாய்.

ஆச்சி, எங்கள் ஓட்டு வீட்டில் கம்பம் நட இடமில்லை என்றதும் உங்கள் மாடியைத் தந்தீர்கள். "இடியை இழுக்காதா தம்பி?" என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தரையில் அடித்த எர்த் கம்பியைக் காட்டினோம். இடி மின்னல் வந்தால் கேபிளைக் கழற்றிவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை மறக்கமாட்டேன்.

மலைமேல் அந்த ரிப்பீட்டரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களே, பாட்டரி மாற்றவும் மின்னலில் எரிந்த மின்சுற்றுப் பலகையைச் சரிசெய்யவும் மழையில் மலையேறுகிறீர்கள். எங்கள் ஊரைப் பார்த்திராத நீங்கள் எங்கள் ஊர்க் குரலைச் சுமக்கிறீர்கள். மாடியறையில் 12 வோல்ட் பாட்டரி ஒன்றும் வைத்துவிட்டேன். இனி மின்சாரம் போனாலும் கோனாபட்டு பேசும்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு மீண்டும் அழைக்கிறேன். அம்மாவும் மாடிக்கு வருகிறார். உரிமம் இல்லாததால் அவர் பேசமாட்டார்; உங்கள் குரல்களைக் கேட்க வேண்டும் என்கிறார்.

தந்திக் காலத்திலிருந்து வரும் நம் வழக்கப்படி, எல்லோருக்கும் 73, அதாவது அன்பான வாழ்த்துகள்.