ஸ்விட்ச்சின் உட்புறத்தையும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். தரவை வழிநடத்தும் ரௌட்டர் பெட்டிகளுக்குக் கட்டளை கொடுத்து வலையமைப்பை இயக்குவதில் மாணவர்கள் நன்கு தேர்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) நுழையும் பாக்கெட் (தரவின் சிறு பொதி) இன்னொரு போர்ட் வழியாக வெளியேறும் வரை அந்தப் பெட்டிக்குள், அதாவது பாக்கெட்டை உரிய போர்ட்டுக்கு மாற்றிவிடும் ஸ்விட்ச்சுக்குள், என்ன நடக்கிறது என்று கேட்டபோது ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அதை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

மணிமேடை சந்திப்பில், வடசேரிக்குத் திரும்ப வழியில்லாமல் ஒரு பேருந்து முன்னால் நின்றுவிட்டால், கோட்டாற்றுச் சாலை காலியாகவே கிடந்தாலும் அங்கே போக வேண்டிய பின்வண்டி நகர முடியாது. ஒவ்வொரு உள்வரும் போர்ட்டுக்கும் ஒரே வரிசை வைத்த ஸ்விட்ச்சிலும் இதுவே நேர்கிறது. பாக்கெட்டுகள் ஒரே அளவில், எல்லாத் திசைகளுக்கும் சமமாகப் பரவிச் சென்றாலும், போர்ட்டுகள் பெருகும்போது மொத்தத் திறனில் ஏறத்தாழ 58.6 விழுக்காட்டைத் தாண்ட முடியாது என்று கரோல், ஹ்லூக்கி, மார்கன் ஆகிய மூவரும் 1987-இல் நிறுவினர். இரண்டே போர்ட்டுகள் என்றால் 75 விழுக்காடு. இதை ஒரு மாணவர் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம்.

ஒவ்வொரு உள்போர்ட்டிலும், வெளிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை வைத்தால் இந்த முடக்கம் நீங்கும். ஆனால் எந்த உள்போர்ட்டை எந்த வெளிப்போர்ட்டோடு இணைப்பது என்பதை ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். விநாடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய ஈத்தர்நெட் ஃபிரேம்கள் (கம்பி வலையமைப்பில் பாக்கெட்டைச் சுமந்துவரும் உறைகள்) 67.2 நானோவிநாடிக்கு (நானோவிநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) ஒன்றாக வரக்கூடும் என்பதால், மிகச் சிறந்த இணைப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கணினி அறிவியலாளர் நிக் மெக்கியோனின் ஐஸ்லிப் முறை, போர்ட்டுகளிடையே மாறிமாறிச் சுழலும் முன்னுரிமையைக் கொண்டு எளிய மின்சுற்றிலேயே போதுமான இணைப்பைக் கண்டடைவதால்தான் பெரிதும் போற்றப்படுகிறது. எதைக் கைவிட்டு எதைப் பெறுவது என்னும் இந்தத் தீர்மானமே வடிவமைப்பு என்று நான் கருதுகிறேன்.

இதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. மின்சுற்றுகளை விவரிக்கும் வெரிலாக் மொழியில் எழுதிய ஸ்விட்ச்சைச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க, இக்காரஸ், வெரிலேட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஆகவே நம் மாவட்டப் பொறியியல் கல்லூரிகள், நான்கு போர்ட் ஸ்விட்ச் ஒன்றை முதலில் ஒற்றை வரிசையோடும் பிறகு தனி வரிசைகளோடும் எழுதி இரண்டின் திறனையும் அளந்து காட்டும் பணியை, வரும் கல்வியாண்டிலேயே இறுதியாண்டுத் திட்டங்களில் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தகவல் தொடர்புப் பொறியாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.