அலைன்மென்ட்டுக்கு முன்னால் ஜாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வாகனப் பக்கத்தில், கார் சாலையோரக் கல்லில் மோதிவிட்டால் முதல் வேலையாக வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். யாரும் சொல்லாமலேயே அதைச் செய்து ஏமாந்தவன் நான்.

ஐப்பசி மாதம், நல்ல மழை. திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து இரவு திருநகர் திரும்பிக்கொண்டிருந்தோம். மீடியன் இடைவெளியிலிருந்து விளக்கே இல்லாமல் ஒரு பைக் பாய்ந்தது. இடது பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் சர்வீஸ் ரோட்டைப் பிரிக்கும் கல்லில் மோதி ஏறி இறங்கியது. என் மனைவியின் மடியிலிருந்த தாம்பூலப் பை சிதறி, தேங்காய் என் காலடிக்கு உருண்டு வந்தது. இறங்கி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். வீல் கப்பில் இரண்டு கீறல், அவ்வளவுதான்.

மறுநாள் நேர்ரோட்டிலும் ஸ்டியரிங் கோணலாக நின்றது. பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் அலைன்மென்ட் செய்தேன். ஸ்டியரிங் நேரானது, மனமும் ஆறியது. மூன்றாவது வாரம் வண்டியின் முன்பக்கம் லேசாகத் துள்ள ஆரம்பித்தது. எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைத் தம்பி ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் கழுவித் துடைத்ததுபோல இருந்த டயரின் உள்பக்கத்தில், நெல்லிக்காயைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தாற்போல ஒரு வீக்கம். ரிம்மின் உள்விளிம்பும் ஒரு விரலகலம் மடங்கியிருந்தது.

"இதோடு நாலுவழிச் சாலையில் போனீர்களா அண்ணே?" என்றார். விருதுநகர் வரை, இரண்டு முறை போயிருந்தேன்.

கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும்போது பக்கச்சுவருக்குள் ஓடும் இழைகள் அறுந்துபோகின்றன. அப்புறம் அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர்தான். அதற்கு ஒட்டுப் போட வழியில்லை, டயரையே மாற்ற வேண்டும்.

அலைன்மென்ட் விஷயம் இதைவிட மோசம். பெரும்பாலான சிறிய கார்களில் திருகிச் சரிசெய்ய முடிவது 'டோ' என்ற ஒரு கோணத்தை மட்டும்தான்; மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு அது. சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்து, கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு, மாறியிருந்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்கிவிடலாம். டயர் ஒரு பக்கமாகத் தேய்வதைத் தடுக்க முடியாது. அலைன்மென்ட் கடையில் கொடுத்த தாளில் இடது கேம்பர், அளவு தவறியது என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. பணம் கொடுத்து வாங்கிய அந்தத் தாளை மடித்து டேஷ்போர்டில் செருகியவன் நானேதான்.

ஒரு யோசனை மட்டும் அன்றே பலித்தது. மோதிய அன்றிரவு, அடியில் ஏதும் உடைந்திருக்குமோ என்று வண்டிக்கடியில் பழைய பேப்பர் விரித்து, காலையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. தங்கள் நாளிதழ்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியில், டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது. கூடவே வண்டியும் சேதமாகியிருந்தால்தான் டயருக்குப் பாதி விலை. எனக்கு லோயர் ஆர்மும் வளைந்திருந்தது. ஆனால், "மூன்று வாரமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பி வந்தேன்.

அடுத்த முறை இந்த அறிவுரையை வெளியிடும்போது, சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்த பிறகே அலைன்மென்ட் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநகர், மதுரை.