மேன்ஹட்டன் கட்டணம்: மகனுக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

நியூயார்க்கின் மேன்ஹட்டனுக்குள் காரை விட்டாலே நெரிசல் கட்டணம் என்று 9 டாலர் பிடுங்குகிறார்கள், பகல் கொள்ளை என்று எழுதியிருந்தாய். கொள்ளை இல்லையப்பா. குறை இருக்கிறது, ஆனால் நீ சொல்லும் இடத்தில் இல்லை.

முதலில் உன் கணக்கைச் சரிசெய்வோம். 60ஆம் தெருவும் அதற்குத் தெற்கே உள்ளதும்தான் கட்டண வட்டாரம். வார நாளில் காலை 5 முதல் இரவு 9 வரையும், சனி ஞாயிறில் காலை 9 முதல் இரவு 9 வரையும் 9 டாலர். மற்ற நேரத்தில் 2.25. ஒரு நாளுக்கு ஒரு தடவைதான். நீ ஜெர்சி சிட்டியிலிருந்து ஹாலண்ட் சுரங்கப்பாதையில் வருவதால் பகலில் 3 டாலர் கழிவு உண்டு. சுரங்கத்துச் சுங்கம் போக, உனக்கு விழுவது 6 டாலர்தான். ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வழியாகச் சுற்றி வந்தால் அந்தக் கழிவு கிடைக்காது.

சுங்கம் தானாகக் கழியும் ஈசிபாஸ் கணக்கில் புதுக் காரின் நம்பரைச் சேர்த்தாயா? அவர்கள் தரும் டேக் கார்க் கண்ணாடியில் சரியாக ஒட்டாமல், கணக்கில் நம்பரும் இல்லாமல் போனால், கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து வீட்டுக்கு பில் அனுப்பிவிடும். அப்போது 13.50 டாலர், கழிவும் கிடையாது.

ஏழைகளை வதைக்கிறது என்கிறாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் போகாதவர்கள் பதிவு செய்துகொண்டால், மாதத்தில் முதல் 10 பயணத்துக்குப் பிறகு பகல் கட்டணம் பாதி. முதல் பயணத்திலிருந்தே கொடுத்திருக்க வேண்டும், அதில் நான் உன் பக்கம்.

என் மனக்குறை வேறு. 2024 ஜூனில் 15 டாலராகத் தொடங்கவிருந்ததை நியூயார்க் ஆளுநர் ஹோக்குல் நிறுத்தி, பிறகு 9 ஆகக் குறைத்து 2025 ஜனவரி 5இல் தொடங்கினார்கள். 2028இல் 12, 2031இல் 15 என்று இப்போதே எழுதிவைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாலையில் நெரிசல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ரயில், பேருந்துப் பணிகளுக்கு 1,500 கோடி டாலர் திரட்ட வேண்டும், அந்தத் தேவைதான் விலையை நிர்ணயிக்கிறது. பணம் ரயிலுக்குப் போவது நல்லதுதான். ஆனால் ஒரு தடவை கட்டியவர் அன்று முழுக்க உள்ளே எத்தனை சுற்று சுற்றினாலும் மேற்கொண்டு காசில்லை.

இங்கே சிங்கப்பூரில் 1975 ஜூனில் இதே மாதிரிக் கட்டணம் தொடங்கியபோதும் தப்பு நடந்தது. நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), காலை 7.30 முதல் 9.30 வரை. ஓட்டுநர்கள் வெளியே காத்திருந்து 9.30 அடித்ததும் மொத்தமாக உள்ளே பாய்ந்தார்கள். இரண்டே மாதத்தில் நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. 1998இல் வந்த மின்னியல் முறையில் ஒவ்வொரு கட்டண வாயிலைக் கடக்கும்போதும் காசு போகும், அரை மணிக்கு ஒரு விலை. வேகத்தை அளந்து விலையை மாற்றுவார்கள். இலக்கு வேகம் நகரச் சாலையில் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர், விரைவுச்சாலையில் 45 முதல் 65. வண்டிகள் அதைவிட வேகமாக ஓடினால் கட்டணம் குறையும், ஊர்ந்தால் கூடும். நீங்கள் அங்கே கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

வார நாளில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு குரோவ் ஸ்ட்ரீட் நிலையத்தில் மேன்ஹட்டன் போகும் பாத் ரயிலில் ஏறிவிடு. எடுத்தே ஆக வேண்டுமென்றால், டேக்கை ஒட்டிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா