'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதும் முன்

மத்திய அரசு அலுவலகங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் பார்வை குறைந்தவன். உங்களுடையதைப் போன்ற ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வேலைக்கு எடுத்தது கோப்பு பார்க்க. ஆனால் சேர்ந்த அன்றே டெலிபோன் போர்டு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அது வர இரண்டு வருடம் ஆனது. அதுவரை "வணக்கம், யார் வேண்டும்?" தான் என் உத்தியோகம். சரி, போகட்டும். எனக்காவது உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தது. வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

மென்பொருள் வந்த பிறகு என் மேசைக்கு வந்த வேலைகளில் ஒன்று ரோஸ்டர் பதிவேடு; எந்த இடம் எந்த ஒதுக்கீட்டுக்கு என்று வரிசையாகக் குறிக்கும் புத்தகம். அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: 'தகுதியான மாற்றுத்திறனாளி கிடைக்கவில்லை.' யார் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், ஏன் வேண்டாம் என்றீர்கள், ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியோடு இடம் கைமாறிப் போயிருந்தது.

சட்டம் அந்த வரியை இவ்வளவு சுலபமாக எழுத விடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 34-ஆம் பிரிவு 4 சதவீத இடம் தருகிறது. பார்வைக்கு ஒன்று, செவித்திறனுக்கு ஒன்று, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு ஒன்று. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்காவது ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் பொருத்தமானவர் கிடைக்காவிட்டால் இடத்தை அடுத்த ஆள்சேர்ப்பு ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகை மாற்றுத்திறனாளியை எடுக்க வேண்டும். அவர்களிலும் யாரும் இல்லை என்றால்தான் மற்றவர்கள். நான் பார்த்த பதிவேட்டில் முதல் படியிலிருந்து நேராகக் கடைசிப் படிக்குத் தாவியிருந்தார்கள்.

'பொருத்தமானவர்' என்ற சொல்லிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மத்தியப் பணியாளர் துறையின் 2018 ஜனவரி 15 உத்தரவுப்படி, பொதுவான அளவுகோலில் போதுமான பேர் தேறாவிட்டால் அளவுகோலைத் தளர்த்தி எடுக்கலாம்; அந்தப் பணிக்கே லாயக்கில்லாதவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கட்-ஆஃப் ஒரு மார்க் குறைந்தவரைத் தள்ளிவிட்டு 'கிடைக்கவில்லை' என்று எழுதினால், தளர்த்திப் பார்த்தீர்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு சாக்கு: "எங்களிடம் இருப்பதே பத்துப் பதினைந்து இடம், இதில் 4 சதவீதம் எங்கே வரும்?" நூறு இடங்களை வரிசையாக எண்ணும் நூறு புள்ளி ரோஸ்டரில் மாற்றுத்திறனாளிக்கான புள்ளிகள் 1, 26, 51, 76. முதல் புள்ளியே எங்களுடையது. வருடம் மாறினாலும் கணக்கு அறுபடாமல் ஓட வேண்டும். புது வருடம் புதுக் கணக்கு என்று தொடங்கக் கூடாது. சின்ன அலுவலகம் தப்பித்துவிடக் கூடாது என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்பது என் அனுமானம்.

பழைய கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1977-இல் மத்திய அரசு எங்களுக்கு இடம் ஒதுக்கியபோது சி, டி என்னும் கீழ்ப் பிரிவுப் பணிகளுக்கு மட்டும்தான் ஒதுக்கியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மேல் பிரிவுகளையும் சேர்த்து 3 சதவீதம் தந்தது. ஆனால் ஏ, பி பிரிவுகளில் அந்த 3 சதவீதத்தை மொத்தக் காலியிடத்தில் கணக்கிடவில்லை. 'இவர்களுக்கு ஏற்றவை' என்று அடையாளம் கண்ட பணிகளில் மட்டும் கணக்கிட்டார்கள். ஏற்றவை எவை என்று முடிவு செய்ததும் அவர்களே. பட்டியல் சுருங்கினால் ஒதுக்கீடும் சுருங்கும். பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது: மொத்தக் காலியிடத்தில்தான் கணக்கிட வேண்டும். பட்டியலை இன்னும் தயாரிக்கவில்லை என்று சொல்லி ஒதுக்கீட்டைத் தள்ளிப்போட முடியாது என்பதை ரவி பிரகாஷ் குப்தா வழக்கில் 2010-இலேயே சொல்லியாயிற்று. இத்தனைக்கும் பிறகு, "இந்த போஸ்ட் உங்களுக்கு ஒத்து வராதே" என்று இன்றும் கவுன்ட்டரிலேயே பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தன் மதிப்பெண்ணில், எந்தச் சலுகையும் இல்லாமல் வந்தவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்ப்பதும் அதே 2018 உத்தரவுக்கு விரோதம். நன்றாக எழுதிய ஒருவர் வந்தார் என்பதற்காக இன்னொருவருடைய நாற்காலியை எடுத்துவிடுகிறீர்கள்.

நான்காவது ஒரு சதவீதத்தைப் பற்றிப் பேசவே ஆள் இல்லை. மனநோய்க்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் நேர்முகத்தில் அதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் எல்லோருக்கும் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. முந்தைய பதிவைப் பார்த்து அப்படியே எழுதும் பழக்கம் அலுவலகங்களில் எனக்கும் தெரியும்; நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அடுத்த முறை அந்த வரியை எழுத வேண்டி வந்தால், எங்கே விளம்பரம் கொடுத்தீர்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அளவுகோலைத் தளர்த்தியது எந்தத் தேதியில், வேறு வகையில் யாரைப் பார்த்தீர்கள் என்பதையும் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒதுக்கீடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் லயசான் ஆபீசர் வந்து பதிவேட்டைக் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கப்போவது என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாதான்.

இப்படிக்கு,
டெலிபோன் போர்டிலிருந்து எழுந்து வந்தவன்