எந்தச் சபையில் பெயர் கொடுப்பது?

வேலூர்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது.

பெங்களூரில் மாப்பிள்ளையின் லுத்தரன் சபையில் பெயர் கொடுப்பதா, நம் சி.எஸ்.ஐ.யிலேயே (தென்னிந்தியத் திருச்சபை) இருப்பதா என்று கேட்டாய். எல்லாம் ஒன்றுதானே என்று உன் சித்தி சொன்னாளாம். ஆண்டவர் ஒருவர்தான். ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது கண்ணு, தெரிந்துகொண்டு முடிவு செய்.

நம் வீட்டுக்கு விசுவாசம் ஆற்காடு மிஷன் வழியாக வந்தது. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கிய அது அமெரிக்க சீர்திருத்த சபையின் மிஷன், சீர்திருத்தவாதி கால்வினின் போதனை வழி. 1947-இல் சி.எஸ்.ஐ. உண்டானபோது அதில் கலந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூர் லுத்தரன், மிசௌரி சினட் என்ற அமெரிக்க லுத்தரன் சபையின் மிஷனரிகள் வழி வந்தவர்கள்.

பெரிய விஷயம் திருவிருந்துதான். 1529-இல் ஜெர்மனியிலுள்ள மார்பர்க்கில் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் கூடிப் பேசி, மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போய், இதில் பிரிந்தார்கள். அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே நம் வாயில் கொடுக்கப்படுகிறது, விசுவாசமில்லாதவன் வாங்கினாலும் அதுவேதான் என்பது லுத்தரன் போதனை. பிறகு வந்த கால்வின், அது வெறும் ஞாபகார்த்தம் என்று சொல்லவில்லை. கிறிஸ்துவின் சரீரம் பரலோகத்தில் இருக்கிறது, பரிசுத்த ஆவியானவர் நம்மை அவரோடு இணைக்கிறார், விசுவாசத்தினால் அவரை உட்கொள்கிறோம் என்றார். இன்றைக்கும் அப்படி நம்பித்தான் முழங்கால்படியிட்டு வாங்குகிறேன்.

முன்குறித்தலில், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானிப்பதில், மட்டும் என் மனம் லுத்தரன் பக்கம். தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார், மற்றவர்களை அவர்கள் பாவத்திலேயே விட்டுவிட்டார், கிறிஸ்துவின் மரணம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களை மட்டுமே இரட்சிக்கும் என்று 1618–19-இல் கால்வின் வழிச் சபைகளின் டார்ட் மாநாடு தீர்த்துச் சொன்னது. நம் சி.எஸ்.ஐ. அதை வற்புறுத்துவதில்லை. லுத்தரன் சபையோ, இரட்சிப்பு முழுக்கக் கிருபை, கெட்டுப்போனால் குற்றம் மனுஷனுடையது என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. உன் அண்ணன் கோவிலுக்கே வராமல் இருந்த வருஷங்களில், அவனுக்காகவும் கிறிஸ்து மரித்தார் என்று தயங்காமல் சொல்ல எனக்கு வேண்டியிருந்தது.

குழந்தை ஞானஸ்நானம் இரண்டிலும் உண்டு. அதிலேயே தேவன் மறுபிறப்பைத் தருகிறார் என்பார்கள் அவர்கள். உடன்படிக்கையின் அடையாளமும் முத்திரையும் என்பது நாம் படித்தது.

அப்புறம், ஒன்றை இப்போதே கேட்டு வை. மிசௌரி வழி சபைகளில் தங்கள் விசுவாச அறிக்கையை ஏற்றவர்களுக்கே திருவிருந்து கொடுப்பது வழக்கம். நீ சேராவிட்டால் மாப்பிள்ளை எழுந்து போகும்போது நீ உட்கார்ந்திருக்க வேண்டிவரலாம். சேர்ந்தால், அப்பாவும் நானும் வரும்போது உன்னோடு பந்தியில் சேர முடியாமல் போகலாம். எனக்கு அது வருத்தம்தான். அதற்காக உன் மனசாட்சியை வளைக்காதே.

விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் இரண்டு புத்தகங்களை, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் கால்வின் வழிச் சபைகளின் ஹைடல்பர்க் ஞானோபதேசத்தையும், இருவரும் சேர்ந்து படியுங்கள், திருவிருந்துப் பகுதியை முதலில். பிறகு போதகரைப் போய்ப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அம்மா