கிளம்பும் தேதியை முதலில் சொல்லிவிடு

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளம்ப இன்னும் ஆறு வாரம்தான், ஆனால் வெளிநாட்டில் தன்னார்வலராக வேலை செய்தபடி நீ தங்கியிருக்கும் வீட்டில் இதுவரை யாரிடமும் தேதி சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் போய் அதைச் சொல்லிவிட்டு வந்து மீதிக் கடிதத்தைப் படி. இப்போதே சொன்னால் எல்லோர் முகமும் வாடிப்போகும் என்கிறாய். வாடத்தான் செய்யும். வாடியது தேறவும் நாள் வேண்டுமே! கடைசி வாரத்தில் தேதி தெரிந்தால், இத்தனை நாள் மறைத்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். அதிலும் உன்னை அங்கே தங்கவைத்த தன்னார்வ அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் முந்திக்கொண்டால் போச்சு. அடுத்து வருகிறவருக்கு அறை வேண்டும் என்று அவர் எந்த நேரமும் அந்த வீட்டுக்குப் போன் செய்யக்கூடும்.

ஒரு வருடம் போல் தங்கியவர் ஆறு வாரம் முன்பும், மூன்று மாதம் தங்கியவர் மூன்று வாரம் முன்பும் சொன்னால் சரியாக இருக்கும். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் சொல். குழந்தைகளிடம் நீ சொல்வதா, அம்மாவே சொல்வதா என்று அம்மாவைக் கேட்டுக்கொள்.

அந்தச் சின்னவனுக்கு வயது நாலரை என்றாய். அவனுக்கு 'ஆறு வாரம்' என்றால் ஒன்றும் புரியாது. கடைசி இரண்டு வாரம் இருக்கும்போது காகிதத்தை நீளவாக்கில் வெட்டி, 14 வளையம் கோத்து ஒரு சங்கிலி செய்து மாட்டு. தினமும் தூங்கப்போகும் முன் அவனே ஒன்றைக் கிழிக்கட்டும். அதற்கு முன்பே ஆரம்பித்துவிடாதே, சங்கிலி நீளமாக இருந்தால் பிரிவு ஏதோ தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வான். அவனிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எங்கே போகிறாய், ஏன் போகிறாய், இனி உன் குரலை எப்படிக் கேட்கலாம். 'ஏன்' என்பதற்கு 'வேலை முடிந்தது' என்று தெளிவாகச் சொல். தான் செய்த ஏதோ தப்பினால்தான் போகிறார்கள் என்று அந்த வயதுக் குழந்தைகள் தாமாகவே முடிவுகட்டிக்கொள்வது உண்டு. அழுவானே என்று பயந்து, தூங்கும்போது கிளம்பிப் போவது மட்டும் வேண்டாம். எழுந்து பார்த்து ஆளைக் காணோம் என்றால், அடுத்த முறை வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் காலைக் கட்டிக்கொள்வான்.

பாட்டி விஷயம் வேறு. உன்னை இனிப் பார்க்கப்போவதில்லை என்பது அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அதை நீ சொல்ல வேண்டாம், 'சும்மா இருங்க, நான் வருவேன்' என்று மறுக்கவும் வேண்டாம். ஒரு மத்தியானம் போனைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார். சம்மதித்தால் அவர் பேசுவதை ஒரு அரை மணி நேரம் பதிவு செய்து, ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுத்துவிடு. பல வீடுகளில் பெரியவர்களின் படம் ஏராளம் இருக்கும், குரல் ஒன்றுகூட இருக்காது.

நீ கேட்காமல் விட்ட விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாக்குறுதிகள்! 'அடுத்த வருஷம் வந்துடுவேன்', 'உன்னை அங்கே கூப்பிட்டுக்கறேன்', 'படிப்புச் செலவை நான் பார்த்துக்கறேன்.' கண்ணீரோடு நிற்கும்போது வாயிலிருந்து வரும் இந்த மூன்று வாக்கியங்களும் அந்த வீட்டில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். யாராவது விசா பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்: அழைப்புக் கடிதம் நீ எழுதலாம், ஆனால் விசா கொடுப்பதும் மறுப்பதும் நீ திரும்பிப் போகும் நாட்டின் அரசு. செலவுக்குப் பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போட்டால் உன் வருமானத்துக்குச் சான்று கேட்கப்படலாம், விண்ணப்பத்தை நிராகரித்தாலும் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. முடியாதென்றால் முடியாது என்று அங்கிருக்கும்போதே சொல். 'பார்க்கலாம்' என்ற வார்த்தைதான் ஆபத்து. நீ மறுப்பைப் பூசி மெழுகிச் சொன்னதாக நினைப்பாய், அவர்களுக்கோ அது சம்மதமாகக் கேட்டிருக்கும்.

படிப்புக்கு உதவியே தீருவேன் என்றால், முதலில் அமைப்போடு நீ போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படி. தங்கிய குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் தரக்கூடாது என்று தடை விதிக்கும் அமைப்புகள் உண்டு. தடை இல்லையென்றால், தொகையையும் காலத்தையும் முன்கூட்டியே வரையறுத்து, பள்ளிக்கே நேராகக் கட்டு. இத்தனை வருடம், இவ்வளவு, அதற்குமேல் இல்லை என்பதை அப்பா அம்மா இருவர் முன்னும் ஒரே நேரத்தில் சொல். ஒருவரிடம் மட்டும் சொன்னால் பிறகு வரும் சண்டைக்கு நீயும் ஒரு காரணமாகிவிடுவாய்.

பணக் கணக்கைக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே முடித்துவிடு. மின்சாரம், இணையம், உன் பெயரில் உள்ள பற்று, கைமாற்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி உட்கார்ந்து பேசு. கடைசி இரண்டு நாளில் போய்க் கேட்டால் 'கிளம்பற பொண்ணுகிட்ட என்ன காசு' என்று தள்ளிவிடுவார்கள், கடன் நின்றுபோகும். இன்னொன்றும் யோசி. உன் தங்கலுக்காக அமைப்பு மாதாமாதம் அந்த வீட்டுக்கு ஒரு தொகை தருகிறதென்றால், நீ கிளம்புவதால் அவர்கள் வருமானத்தில் ஒரு பகுதி நிற்கப்போகிறது. அடுத்தவர் வருகிறாரா, இடையில் எத்தனை மாதம் அறை காலியாக இருக்கும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் நீ கேட்டுச் சொல். உன்னிடம் கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

சம்பளமில்லாமல் உழைப்புக்குச் சாப்பாடும் இடமும் என்ற முறையில் பண்ணைகளில் தங்குகிறவர்களுக்கு (1971-ல் பிரிட்டனில் தொடங்கிய வூஃப் என்ற அமைப்பு மாதிரி) காசுக் கணக்கு அவ்வளவாக இருக்காது. அங்கே பாக்கி நிற்பது வேலை. பாதி கட்டிய வேலியை விட்டுவிட்டு விருந்து சாப்பிட்டுக் கிளம்புகிறவரை யாரும் நல்லவிதமாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

விட்டுப்போகும் பொருட்களுக்கு வருகிறேன். அமைப்புக்குச் சொந்தமானதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படை. சைக்கிள், மேசை விளக்கு மாதிரி மற்றதை யாருக்குத் தருவது என்று வீட்டம்மாவிடம் கேட்காமல் ஒரு துரும்பையும் தராதே. பக்கத்து வீட்டுக்குச் சைக்கிள் போய், எதிர் வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை என்றால் மனஸ்தாபம் உன்மேல் வராது, நீ போய்விடுவாய். அது அந்த அம்மாவின் தலையில்தான் விடியும். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை 'யாருக்காவது உதவும்' என்று விட்டு வைக்காதே, மருந்துக்கடையிலோ சுகாதார நிலையத்திலோ திருப்பி வாங்குகிறார்களா என்று கேட்டுப் பார். பழைய போனைப் பெரியவளுக்குத் தருவதென்றால், கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய். கணக்கோடு அப்படியே கொடுத்து, பிறகு அவள் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், உன் கடவுச்சொல் கேட்டு போன் பூட்டிக்கொள்ளும்.

போன் என்றதும் சிம் ஞாபகம் வருகிறது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. அந்த ஊர் எண்ணுக்குத்தான் வருகிறதென்றால் கிளம்பும் முன்பே மாற்றிவிடு. விமானம் ஏறிய பிறகு அந்த எண் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது, அதில் தேர்ந்தெடுத்தால் புதிய எண்ணை உன் தொடர்பில் உள்ளவர்களுக்கு அது அறிவிக்கும். பழைய எண்ணிலேயே ஓட்டலாம் என்று விட்டுவிடாதே. பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனி சில மாதத்தில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். பாட்டி உன்னைக் கூப்பிடும்போது முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பார்.

என்ன பரிசு கொடுப்பது என்று கேட்டிருந்தாயே, அச்சிட்ட படங்கள். விலை உயர்ந்த எதையும் கொடுத்தால் பதிலுக்கு அவர்கள் செலவழிப்பார்கள். 10×15 செ.மீ. அளவில் இருபது படம் போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதே, அது அளவு சுருங்கி வந்தது. கேமராவில் உள்ள மூலக் கோப்பையே கொடு. அந்த அளவுக்குச் சுமார் 1200×1800 பிக்சல் இருந்தால் தெளிவாக விழும். எப்போதும் படம் எடுப்பவர் யாரோ, அவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். அவரையும் சேர்த்து முழுக் குடும்பமாக ஒன்று எடு. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் மை அடுத்த படத்தில் ஒட்டும், மார்க்கரால் எழுதிக் காயவிடு. கூடவே அவர்கள் மொழியில் பத்து வரிக் கடிதம் ஒன்று. வேறு யாரிடமாவது காட்டித் திருத்து, எழுத்து மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று எழுதாதே. காய்ச்சலில் கிடந்த இரவில் யார் விழித்திருந்தார்கள் என்று எழுது.

அவர்களும் ஏதாவது தருவார்கள், பெரும்பாலும் கனமாக. பெட்டியில் மூன்று கிலோ இடம் விட்டு வை. பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, இருந்தாலும் உன் டிக்கெட்டைப் பார்த்துக்கொள். திரவம் எதுவானாலும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பொதுவாக விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் வர வேண்டும். விதை, தேன், இறைச்சி, பால் பொருள் என்றால் இறங்கும் நாட்டின் விதியைப் பார், சுங்கத்தில் மறைக்காமல் அறிவி. பல வகைப் பவளம், ஆமை ஓடு, தந்தம் இவற்றுக்கெல்லாம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாடு இருக்கிறது, அனுமதி இல்லாவிட்டால் பறிமுதல். 'எனக்கு என்ன தரப்போறீங்க, பெட்டியில் இடம் பார்க்கணும்' என்று சிரித்துக்கொண்டே முன்கூட்டிக் கேட்டால் தர்மசங்கடம் இருக்காது.

விருந்தை இரண்டு நாள் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாலையில் எதுவும் வேண்டாம். மூட்டை முடிச்சு அதற்குள் கட்டியாகியிருக்க வேண்டும், படுக்கை விரிப்பைத் துவைத்து, சாவியை வீட்டம்மா கையில் கொடுத்திருக்க வேண்டும். வாசலில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதே. விமான நிலையத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை அவர்கள் முடிவுக்கு விடு, திரும்பிப் போக அவர்களுக்கு வண்டி இருக்கிறதா என்பதை மட்டும் நீ பார்த்துக்கொள்.

இறங்கிய அன்றே ஒரு செய்தி அனுப்பு. அதற்குப் பிறகுதான் பலரும் சறுக்குவது. வெளிநாட்டுக்குப் போனவர்களின் மனநிலை முதலில் உயர்ந்து, சரிந்து, மறுபடி ஏறும் என்று 1955-ல் நார்வே சமூகவியலாளர் லீஸ்கார்ட் எழுதினார். ஊர் திரும்பிய பிறகும் அதே சரிவு இன்னொரு முறை வரும் என்று 1963-ல் அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி சேர்த்தார்கள். எல்லோருக்கும் இந்தக் கோடு பொருந்துவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள், ஆனால் உனக்கு அந்தச் சரிவு வந்தால் கெடுதல் இரண்டு பக்கமும். உன் பழைய வாழ்க்கையே உனக்கு அந்நியமாகத் தோன்றி, யாரிடமும் பேசப் பிடிக்காமல் நீ வாயை மூடிக்கொள்ளும் அதே வாரங்களில், அந்த வீட்டில் உன் போனுக்குக் காத்திருப்பார்கள். உன் சோர்வு அவர்களுக்கு எப்படித் தெரியும்? மறந்துவிட்டாள் என்றுதான் படும். அதனால் முதல் நான்கு அழைப்புகளின் நாளையும் நேரத்தையும் கிளம்பும் முன்பே, அவர்கள் ஊர் நேரப்படி, காலண்டரில் குறித்துவிட்டு வா. பிறகு மாதம் ஒன்று போதும். தினமும் பேசுவேன் என்று தொடங்கி மூன்றாம் வாரம் காணாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து வரும் தன்னார்வலருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வை: தண்ணீர் வரும் நேரம், எந்தக் கதவு இறுகும், நாய்க்கு யார் சோறு வைப்பது. வீட்டு விவகாரம் எதுவும் அதில் வேண்டாம். அந்த அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு வை. நீ கவனிக்காத ஒன்றிரண்டை அவரே சேர்ப்பார்.

தேதியைச் சொன்னாயா, அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி