நம் பைக் பயணச் சங்கத்தின் ஆண்டறிக்கை: பாலிசியைப் பிரித்துப் படித்த வருடம்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் உடன் வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கமுங்க.

பயணங்களைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. போனவர்களே எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வால்பாறை, கொல்லிமலை, திம்பம் வழியாக மைசூர் என வழக்கமான தடங்கள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் பேச்சுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் பயணத்துக்கு முந்தின கூட்டத்தில் எல்லோரையும் போனில் பாலிசியைத் திறக்கச் சொன்னோம். முதல் பக்கத்தில் இரண்டு காலக்கெடு தனித்தனியாகப் போட்டிருக்கும். ஒன்று தேர்டு பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு; இன்னொன்று நம் வண்டிச் சேதத்துக்கு. 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் அதோடு வண்டிச் சேதத்துக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். "அஞ்சு வருசத்துக்குக் கட்டியாச்சுங்க" என்று நம்மவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அன்றைக்குத் திறந்து பார்த்தால் பலருக்கு இரண்டாவது தேதி எப்போதோ முடிந்திருந்தது. போலீஸ் பிடித்தால் அபராதம் வராது, அது சரி. ஆனால் வண்டி பள்ளத்தில் விழுந்தாலோ திருட்டுப் போனாலோ ஒரு ரூபாய் தேறாது. வழியில் நின்றால் உதவிக்கு வரும் ரோட் சைடு அசிஸ்டன்ஸ் அந்தப் பாலிசியோடு சேர்த்து வாங்கியதாக இருந்தால் அதுவும் அன்றோடு முடிந்தது.

இதைவிட முக்கியமானது பின்சீட்டு. தேர்டு பார்ட்டி மட்டும் போட்ட பாலிசியில் பின்னால் உட்கார்ந்து வருபவர் மூன்றாம் நபர் கணக்கில் வரமாட்டார் என்று 2006லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டிச் சேதமும் சேர்ந்த ஃபுல் இன்சூரன்ஸில் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு கட்டாயம் இருக்கிறது; பின்சீட்டுக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை, கேட்டு வாங்கினால்தான் உண்டு. சம்சாரத்தை உட்கார வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அடுத்தவர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவருக்கு அந்த 15 லட்சம் பொருந்தாது. மச்சான் வண்டி, மாமன் வண்டி என்று எடுத்துக்கொண்டு வரும் இளவட்டங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பிரீமியம் அதிகம் என்ற பேச்சும் வந்தது. 2022 ஜூனில் நிர்ணயித்த கணக்கில் 150 முதல் 350 சிசி வரை தேர்டு பார்ட்டிக்கு வருடம் 1,366 ரூபாய், 350க்கு மேலே போனால் 2,804 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 350 புல்லட்டின் எஞ்சின் உண்மையில் 349 சிசிதான் என்பது சும்மா வந்ததல்ல என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திம்பத்தில் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் வண்டி ஏற்றத்தில் கிளட்ச் பிளேட் போய் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் சிக்னல் இல்லை. லாரியில் ஏறிப் பண்ணாரி சோதனைச்சாவடி வரை இறங்கி வந்து ரோட் சைடு அசிஸ்டன்ஸுக்குப் போன் போட்டால், எதிர்முனையில் இருந்தவர் பின்கோடு கேட்கிறார். காட்டுக்குள் என்ன பின்கோடு சொல்வது? "27 வளைவில் 20வது வளைவுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் புரியவைக்கவே வெகுநேரம் ஆனது. கடைசியில் சத்தியமங்கலத்திலிருந்து குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன சரக்கு வண்டி ஒன்று வந்தது. வண்டியைக் கட்டக் கயிறு கொண்டுவரவில்லை. உடன் போனவர்கள் லக்கேஜ் கயிற்றை அவிழ்த்து, விரித்துப் படுக்க வைத்திருந்த பவானி ஜமக்காளத்தை டேங்க்கில் கீறல் விழாமல் மடித்து வைத்துக் கட்டினார்கள். இலவச தூரத்துக்கு மேல் போன கிலோமீட்டருக்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டார்கள். அது பாலிசியிலேயே எழுதியிருக்கிறது; நாம்தான் படிக்கவில்லை.

இந்தத் திட்டங்களில் வருடத்துக்கு இத்தனை முறை, இத்தனை கிலோமீட்டர் என்று அளவு உண்டு. அவர்களுக்குச் சொல்லாமல் நாமே மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பெரும்பாலும் காசு திரும்ப வராது. ஸ்போக் வீலில் டியூப் டயர் வைத்திருப்பவர்கள் ரோட்டிலேயே பஞ்சர் ஒட்டித் தருவார்கள் என்று நம்ப வேண்டாம், பஞ்சர் கடை வரை கொண்டுபோய் விட்டாலே பெரிது. ஸ்பேர் டியூப் உங்கள் பையில் இருக்கட்டும். சேலம் கொச்சி சாலை மாதிரி தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடியுங்கள். டோல் கட்டாத பைக்குக்கு வருவார்களா என்று சிலர் கேட்டார்கள். வருவார்கள்.

இண்டிகேட்டர் உடைந்தது, கண்ணாடி உடைந்தது என்பதற்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடி அதோடு போய்விடும். பெரிய கிளெய்மை நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள்.

செயற்குழு எடுத்த முடிவு: இனிப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே பாலிசியின் முதல் பக்கத்தையும் லைசென்ஸையும் அனுப்பிவிட வேண்டும். வண்டிச் சேதத்துக்கான இரண்டாவது தேதி முடிந்திருந்தால் பட்டியலில் பெயர் வராது. மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இதில் வருத்தம் என்று தெரியும். அண்ணன்மார் பொறுத்துக்கொள்ளுங்கள், செயலாளருக்கும் இதே விதிதான்.

நேபாளம் போகத் திட்டமிடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பாலிசி இந்திய எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் கூடுதல் பிரீமியம் கட்டி எல்லை நீட்டிப்பு எழுதி வாங்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே அதன் நகலை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்